மாசசூசெட்ஸ் கரையோரத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ்: சார்ட்டர் படகில் போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போதோ நண்பர்கள் கூடும்போதோ, பாஸ்டன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் "ஒரு நாள் படகு எடுத்து மீன் பிடிக்கப் போகலாமா?" என்ற பேச்சு வரும். இந்தக் கரையில் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனில் போய்த்தான் நிற்கும். கேப்டனோடு வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் படகில் முதல் தடவை போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்ட்ரைப்டு பாஸ் என்ன மீன்? நம்மூர்க் கொடுவாவா?

இல்லை. உடல்வாகு கொஞ்சம் கொடுவாவை நினைவுபடுத்தும், அவ்வளவுதான். குடும்பமும் வேறு, வாழ்க்கை முறையும் நேர் எதிர். கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் இறங்கும். ஸ்ட்ரைப்டு பாஸ் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறும். வெள்ளி நிற உடம்பில் செவுளிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். மாசசூசெட்ஸில் எல்லோரும் 'ஸ்ட்ரைப்பர்' என்பார்கள். தெற்கே மேரிலேண்டை ஒட்டிய செசபீக் விரிகுடாப் பக்கம் அதையே 'ராக்ஃபிஷ்' என்பார்கள்.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆறு முதல் புளோரிடா வரை, அட்லாண்டிக் கரைதான் இதன் சொந்த இடம். 1879இல் நியூ ஜெர்சி ஆற்றிலிருந்து சுமார் 130 குஞ்சுகளை ரயிலில் ஏற்றி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் விட்டார்கள். சில வருஷம் கழித்து இன்னும் சில நூறு. அவை அங்கே பெருகிவிட்டன. அதனால் கலிபோர்னியாவில் இருப்பவர்களும் இந்த மீனைத் தேடிப் போகிறார்கள். ஆனால் இந்தப் பதில்கள் முழுக்க மாசசூசெட்ஸ் கரைக்கானவை.

முப்பது வருஷம் வரை வாழக்கூடிய மீன் இது. பெரிதாக வளர்வது பெண் மீன்தான். தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை, 2011 ஆகஸ்ட்டில் கனெக்டிகட் கடற்பகுதியில் கிடைத்த 81 பவுண்டு 14 அவுன்ஸ் மீன். நம் கணக்கில் சுமார் 37 கிலோ.

ஏன் கரையோரத்திலேயே பிடிக்கிறார்கள்? ஆழ்கடலுக்குப் போனால் பெரிய மீன் கிடைக்காதா?

இரண்டு காரணம். ஒன்று, இந்த மீனே கரையை ஒட்டி வாழ்வது. பாறை இடுக்கு, ஆற்று முகத்துவாரம், மணல்திட்டின் விளிம்பு என்று நீரோட்டம் முட்டித் திரும்பும் இடங்களில்தான் இரைக்காகக் காத்திருக்கும். சில சமயம் இடுப்பளவுத் தண்ணீரில்கூடப் பெரிய மீன் மேயும்.

இரண்டாவது, சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் வரைதான் மாநிலத்தின் கடல். அதற்கு அப்பால் 200 மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. அந்தப் பகுதியில் ஸ்ட்ரைப்டு பாஸைப் பிடிப்பதும் படகில் வைத்திருப்பதும் 1990 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறோம் என்று சொல்லி அங்கே குறிவைப்பதும் கூடாது. 'வெளியே போனால் பெரிய ஸ்ட்ரைப்பர் காட்டுகிறேன்' என்று ஒரு கேப்டன் சொன்னால், அந்தப் படகில் ஏறாதீர்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

வசந்தத்தில் பெரும்பாலான மீன்கள் செசபீக் விரிகுடாவில் சேரும் ஆறுகளிலும், ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் முட்டையிடும். முடித்துவிட்டு வடக்கே கிளம்பும். ஏப்ரல் கடைசியில் மாசசூசெட்ஸின் தென்கரையில் சின்ன மீன்கள் தலைகாட்டும். மே நடுவில் பாஸ்டன் துறைமுகம் வரை வந்துவிடும். பெரியவை அதன் பின்னாலேயே வரும். ஜூன் முழுக்க நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் தண்ணீர் சூடாகிவிடுவதால் மீன் பகலில் ஆழத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் ஒதுங்கும். அப்போது விடியற்காலைப் பயணமே சரி. செப்டம்பர், அக்டோபரில் தெற்கே திரும்பும் வழியில் வெறியோடு இரை தின்னும். நவம்பர் தொடக்கத்தில் இடம் காலியாகிவிடும்.

தண்ணீர் 13 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இந்த மீன் சுறுசுறுப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் ஜூன் இரண்டாவது, மூன்றாவது வாரம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதானால் செப்டம்பர் முதல் பாதி. வெயிலும் இதம், துறையில் கூட்டமும் குறைந்திருக்கும்.

எங்கிருந்து புறப்படுவது நல்லது?

பாஸ்டனில் இருப்பவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாஸ்டன் துறைமுகத்திலேயே முப்பதுக்கு மேற்பட்ட தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பாறைகளும் வாய்க்கால்களும் அருமையான இடம். 1980களில் நாட்டிலேயே மிக அழுக்கான துறைமுகம் என்று கெட்ட பெயர் வாங்கிய தண்ணீர் இது. டியர் தீவில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, 2000இல் சுத்திகரித்த நீரைக் குழாய் வழியாக ஒன்பது மைலுக்கும் மேல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோன பிறகு துறைமுகம் தேறியது. விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்குக் கீழே, நகரத்தின் கட்டடங்களைப் பார்த்தபடி இவ்வளவு பெரிய மீனைப் பிடிக்க முடிவது அந்த உழைப்பின் பலன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கேப் காட் விரிகுடா முதல் தடவைக்காரர்களுக்கு ஏற்றது. மூன்று பக்கமும் கரை சூழ்ந்திருப்பதால் அலை பொதுவாகக் குறைவு. பார்ன்ஸ்டபிள் துறையிலிருந்தும் வெல்ஃப்லீட்டிலிருந்தும் படகுகள் கிளம்பும். வெல்ஃப்லீட்டுக்கு வெளியே பில்லிங்ஸ்கேட் என்ற மணல்திட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் வீடுகளும் கலங்கரை விளக்கமும் இருந்த தீவு அது. கடல் அரித்து அரித்து, இப்போது நீர் ஏறும்போது முழுவதும் மூழ்கிவிடும். அந்தத் திட்டின் ஓரங்களில்தான் மீன் நிற்கும்.

சாத்தம் ஊருக்குத் தெற்கே மனமாய்ப் பகுதியில் நீரோட்டம் மணல்மேடுகளில் மோதிக் கொந்தளிக்கும். மீன் நிறைய இருக்கும் இடம், ஆனால் படகு ஆட்டம் அதிகம். அங்கே சாம்பல்நிறக் கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதி வழியில் பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு. கடல்நாய்களைத் தேடி வெள்ளைச் சுறாக்களும் வருகின்றன. வடக்கே நியூபரிபோர்ட்டில் மெரிமாக் ஆற்று முகத்துவாரமும் பேர்போனது. காற்றும் வற்றும் நீரும் எதிரெதிராக மோதும் நாளில் மிகவும் ஆபத்தானதும்கூட. அங்கே உள்ளூர் கேப்டன் இல்லாமல் போகவே கூடாது.

தெற்கே எலிசபெத் தீவுகளின் கடைசியில் கட்டிஹங்க் இருக்கிறது. 1864இல் செல்வந்தர்கள் சிலர் இந்த ஒரே மீனுக்காக அங்கே ஒரு மன்றம் அமைத்து, பாறைகளின் மேல் மேடை கட்டி நின்று பிடித்தார்கள். பாறை நிறைந்த அந்தக் கடலுக்குக் கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு போகலாம்.

சார்ட்டர் படகுக்கும் பார்ட்டி படகுக்கும் என்ன வித்தியாசம்?

சார்ட்டர் என்றால் படகு முழுவதும் உங்கள் குழுவுக்கு. பொதுவாக ஆறு பேர் வரை. கடலோரக் காவல்படை தரும் உரிமத்தில் ஒரு வகை, ஆறு கட்டணப் பயணிகள் வரை மட்டுமே ஏற்ற அனுமதிக்கும். சிறிய படகுக்காரர்கள் அநேகமாக எல்லோரும் அந்த வகைதான். 'ஏழு பேர் இருக்கிறோம், ஒரு குழந்தைதானே' என்று கெஞ்சாதீர்கள். குழந்தையும் கணக்கில் ஒரு ஆள்.

பார்ட்டி படகு பெரியது. தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கி ஏறலாம். செலவு குறைவு. ஆனால் அவை பெரும்பாலும் அடிமட்ட மீன்களைத் தேடிப் போகும். ஸ்ட்ரைப்டு பாஸ் வேண்டுமென்றால் சார்ட்டர்தான்.

எவ்வளவு செலவாகும்?

பல நூறு டாலர். நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், முழு நாள் என்று நேரத்தைப் பொறுத்துக் கூடும். விலை படகுக்கு, ஆளுக்கு அல்ல. அதனால் நாலு பேர் பங்கிட்டால் தாங்கும். தூண்டில், இரை, ஐஸ் எல்லாம் பொதுவாக அதற்குள் அடக்கம். முன்பணம் கேட்பார்கள். வானிலை கெட்டால் கேப்டனே ரத்து செய்வார், பணத்தைத் திருப்புவார் அல்லது வேறு நாள் தருவார். இதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படகின் உதவியாளுக்குக் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப் கொடுப்பது இங்கே வழக்கம். கேப்டன் தனி ஆளாக வந்தாலும் அதே அளவு கொடுப்பார்கள். பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்தே போடுங்கள்.

முதல் தடவைக்கு நாலைந்து மணி நேரம் தாராளம்.

கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

உரிமம், காப்பீடு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு மேல் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அளவுக்குப் பொருந்தாத மீனை எப்படி விடுவீர்கள்?" தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுவோம், ஒற்றை முள்தான் போடுவோம், முள் நுனியில் பின்னோக்கி இருக்கும் சின்னக் கொக்கியை நசுக்கிவிடுவோம் என்றெல்லாம் ஒருவர் உற்சாகமாக விளக்கினால், அவர் கடலை அறிந்தவர், மதிப்பவர். 'அதெல்லாம் கவலைப்படாதீர்கள், பை நிறைய மீன் தருகிறேன்' என்பவரை நான் தவிர்த்துவிடுவேன். காரணம் கீழே அளவு பற்றிய பதிலில் இருக்கிறது.

எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. கேப்டனும் உதவியாளும் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் படகில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இன்னும் ரசிக்கலாம்.

கோடைத் தொடக்கத்தில் பல படகுகள் முதலில் இரை பிடிக்கப் போகும். ஒரே தூண்டில் நரம்பில் ஐந்தாறு சின்ன முள் கட்டி இறக்கினால், நம் கானாங்கெளுத்தியின் உறவான மேக்கரல் சரமாக மாட்டும். அதை உயிரோடு தொட்டியில் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரைப்பர் நிற்கும் இடத்துக்குப் போவார்கள். உயிர் மேக்கரலை முள்ளில் கோத்து நீந்த விடுவார்கள். அது திடீரென்று பதறித் துடிக்க ஆரம்பித்தால், பின்னால் ஏதோ வந்துவிட்டது என்று அர்த்தம். நரம்பு வழியாக அந்தப் பதற்றம் உங்கள் விரலுக்கு வரும்.

செயற்கை இரையோடு சேர்க்காமல் இறைச்சி, மீன் என்று இயற்கை இரையை மட்டும் போட்டால், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்தான் போட வேண்டும் என்பது இந்தக் கரை முழுவதும் 2021 முதல் சட்டம். அதில் ஒரு நுணுக்கம். சாதாரண முள்ளில் மீன் கொத்தியதும் நாம் வெடுக்கென்று இழுப்போம். வட்ட முள்ளில் அப்படி இழுத்தால் மீன் வாயிலிருந்து முள் நழுவி வந்துவிடும். பொறுமையாக, நரம்பு இறுகும் வரை ரீலைச் சுற்றினால் போதும். மீன் திரும்பும்போது முள் தானாக வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். ஊரில் குளத்தில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். கை பழக்கத்தில் வெடுக்கென்று போய்விடும்.

மற்ற முறைகளும் உண்டு. ரப்பர் குழாய்க்குள் முள் வைத்து, நுனியில் கடற்புழு கோத்து, படகை மெதுவாக ஓட்டியபடி இழுப்பது ஒன்று. ஓட்டம் மோதும் மணல்மேட்டில் ஈய இரையை அடிவரை இறக்கித் தூக்கித் தூக்கி ஆட்டுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட நெஞ்சை அடைப்பது மேல்மட்ட மேய்ச்சல். மென்ஹேடன் என்ற, நம் மத்திக்கு உறவான மீன் கூட்டத்தை ஸ்ட்ரைப்பர்கள் கீழிருந்து நெருக்கி மேலே தள்ளும். தண்ணீர் கொதிப்பதுபோல் ஆகிவிடும். ஆலாக்களும் கடற்காகங்களும் மேலேயிருந்து விழுந்து விழுந்து எழும். அப்போது கேப்டன் படகை நடுவில் ஓட்டாமல் ஓரமாகக் கொண்டுபோய் எஞ்சினை அடக்குவார். மிதக்கும் மர இரையை வீசி இழுத்தால், ஒரு மீன் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து அடிக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும்.

புறப்படும் நேரத்தைக் கேப்டன் அடிக்கடி மாற்றுகிறாரே, ஏன்?

ஏற்றவற்றம். பாஸ்டனில் நீர் ஏறி வற்றும் உயரம் சராசரி மூன்று மீட்டர். தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டரே அதிகம் என்பதால், இதன் வேகத்தை நம்மால் உடனே கற்பனை செய்ய முடியாது. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறும், அதே நேரம் வற்றும். நீர் ஓடும்போதுதான் சின்ன மீன்கள் அடித்துக்கொண்டு வரப்படும், ஸ்ட்ரைப்பர் வாய் திறக்கும். ஓட்டம் நின்றுபோகும் இடைவெளியில் மீனும் ஓய்ந்துவிடும். அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் அதிகாலை நாலரைக்கு வரச்சொன்னால் முணுமுணுக்காமல் போங்கள். நம்மூர் மீனவர்கள் நீவாடு, அதாவது கடலின் ஓட்டம், பார்த்து வலை இறக்குவதும் இதே அறிவுதான்.

எத்தனை மீன் வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31 அங்குலத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். அதாவது 71 சென்டிமீட்டருக்கும் 78 சென்டிமீட்டர் சொச்சத்துக்கும் இடையில். வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து அளப்பார்கள். 27 முக்கால் என்றாலும் விட வேண்டும், சரியாக 31 என்றாலும் விட வேண்டும். ஒன்றைப் பெட்டியில் வைத்த பிறகு, இன்னும் கொழுத்தது கிடைத்தது என்று மாற்றிக்கொள்ளவும் கூடாது. பெரிய கொக்கியால் குத்தித் தூக்குவதும் தடை.

மூன்று அங்குல இடைவெளிதான் என்பதால், நாள் முழுக்க மீன் பிடித்தும் ஒன்றுகூட அந்த அளவுக்குள் வராமல் போகலாம். இதை மனத்தில் வாங்கிக்கொண்டு படகில் ஏறுங்கள். மீன்கூடையை நிரப்பப் போகிறோம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். அந்த மீனோடு அரைநாள் இருக்கப் போகிறோம் என்று போகிறவர்களுக்கு முழுத் திருப்தி.

விதிகள் மாறக்கூடியவை. பயணத்துக்கு முந்தின வாரம் மாநிலக் கடல்மீன் வளத்துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். செசபீக் விரிகுடாவில் அளவு வேறு என்பதால், மேரிலேண்டில் இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே பின்பற்ற வேண்டாம்.

பெரிய மீனை ஏன் விட வேண்டும்? சின்னதை விடுவதுதானே நியாயம்?

பலரும் வருத்தத்தோடு கேட்கும் கேள்வி இது. 31 அங்குலத்துக்கு மேல் இருப்பவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். பெரிய பெண் மீன் ஒன்று ஒரே பருவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். உடம்பு பெரிதாகப் பெரிதாக முட்டையும் கூடும்.

இந்த மீன் ஒருமுறை கிட்டத்தட்டக் கைவிட்டுப் போனது. ஐரோப்பியர்கள் இங்கே முதலில் குடியேறிய காலத்தில் வயலுக்கு உரமாகப் போடும் அளவுக்கு மலிந்து கிடந்தது. 1639லேயே மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் அதை உரமாக்கத் தடை போட்டது. 1973இல் அட்லாண்டிக் கரை முழுவதும் வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டது 1.5 கோடி பவுண்டுக்குச் சற்றே குறைவு. பத்து வருஷத்தில், 1983இல், அது 35 லட்சம் பவுண்டாகச் சுருங்கிவிட்டது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு மீனுக்காகத் தனிச் சட்டம் போட்டது. 1985இல் மேரிலேண்ட் மாநிலம் பிடிப்பை முழுவதுமாக நிறுத்தி, 1990 வரை ஐந்து வருஷம் பொறுத்திருந்தது. மீனவர்களின் பிழைப்பே அதில் அடங்கியிருந்தபோது எடுத்த முடிவு அது. 1995இல் மீன்வளம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதர்கள் கைவிட்ட மீனை மனிதர்களே மீட்ட கதைகளில் இதற்கு இணையானது கடலில் அதிகம் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019இல் வெளியான மதிப்பீடு மீண்டும் மிகைப்பிடிப்பால் வளம் குறைந்துவிட்டது என்றது. 2015இல் பிறந்த ஒரு நல்ல தலைமுறை வளர்ந்து, 2022இல் பிடிக்கத் தகுந்த அளவுக்கு வந்ததும் எல்லோரும் அதையே பிடித்தார்கள். அதைக் காப்பாற்ற 2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக வந்ததுதான் இந்த 31 அங்குல மேல் வரம்பு. 2029க்குள் வளத்தை மீட்பது அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு மீன்வள ஆணையத்தின் இலக்கு. ஆனால் மேரிலேண்ட் ஆறுகளில் 2019 முதல் வருஷா வருஷம் குஞ்சுகள் மிகக் குறைவாகவே பிழைத்திருக்கின்றன. வரும் வருஷங்களில் முட்டையிட வேண்டியவை இப்போது கடலில் இருக்கும் பெரிய தாய் மீன்கள்தான். உங்கள் தூண்டிலில் 40 அங்குல மீன் வந்தால், நீங்கள் கையில் ஏந்தியிருப்பது அவற்றில் ஒன்றை.

விட்ட மீன் பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கும். விடப்படும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது இறந்துவிடும் என்ற கணக்கை வைத்துத்தான் நிர்வாகம் நடக்கிறது. ஒன்பதுதானே என்று தோன்றும். ஆனால் பிடித்து விடப்படும் மீன்கள் வருஷத்துக்குக் கோடிக்கணக்கில். அதனால் சில வருஷங்களில், வீட்டுக்குக் கொண்டுபோன மீன்களுக்குச் சமமான அளவு மீன்கள் விட்ட பிறகு இறந்திருக்கின்றன. ஆக, எப்படி விடுகிறோம் என்பது, எத்தனை வைத்துக்கொள்கிறோம் என்பதற்குக் குறைந்த விஷயமில்லை.

கையை ஈரமாக்கிக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கையும் துண்டும் மீனின் வழுவழுப்புப் பூச்சை உரித்துவிடும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடிக்கலாம், இதற்குக் கூரிய பல் கிடையாது, உப்புத்தாள் போலச் சொரசொரப்பு மட்டும்தான். ஆனால் பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாதீர்கள். மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. செவுள் மூடியின் ஓரமும் முதுகுத் துடுப்பின் முட்களும் கையைக் கிழிக்கும். போட்டோ எடுப்பவர் கேமராவைத் தயாராக வைத்த பிறகுதான் மீன் தண்ணீரைவிட்டு வெளியே வர வேண்டும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டுவதற்கு முன் மீன் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத் தாங்கிப் பிடித்தால், தெம்பு வந்ததும் உங்கள் கையை உதறிக்கொண்டு தானே போகும்.

ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் சூடாக இருக்கும்போது மீன் சீக்கிரம் தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் நாலைந்து மீனோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் கேப்டனுக்கு நன்றி சொல்லுங்கள்.

குமட்டல் வருமா?

கரையோரப் பயணத்தில் குறைவு, ஆனால் சிலருக்கு வரும். படகு நகரும்போதைவிட, நின்று ஆடும்போதுதான் வரும். முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி சரியாக இருக்கும். மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பலனில்லை. பெரியவர்கள் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களானால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

போகலாம். எட்டு வயதுக்கு மேல் குழந்தைகள் நன்றாக ரசிப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் அளவுக்கான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், அதைக் கழற்ற விடாதீர்கள். அப்பா அம்மாவுக்கு உட்கார முதுகு சாயும் இருக்கை, நிழல், கழிப்பறை மூன்றும் வேண்டும். சின்னத் திறந்த படகுகளில் கழிப்பறை இருக்காது. கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வேட்டி, புடவை வேண்டாம். ஜூனிலும் விடியற்காலையில் கடல் குளிரும், ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவசியம். கருப்பு அடி போட்ட காலணி படகின் தளத்தில் கறை போடும், வெளிர் அடி போட்டதே நல்லது.

வாழைப்பழம் எடுத்துப் போகாதீர்கள். நமக்கு மங்கலமான பழம்தான், ஆனால் படகில் அது இருந்தால் மீன் கிடைக்காது என்று இங்கே பல கேப்டன்கள் உறுதியாக நம்புகிறார்கள். அவர்கள் படகு, அவர்கள் நம்பிக்கை.

தனியாக மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டுமா?

மாசசூசெட்ஸில் அனுமதி பெற்ற சார்ட்டர் படகில் போனால் வேண்டாம், படகின் அனுமதியே உங்களுக்கும் சேர்த்து. கரையிலிருந்தோ சொந்தப் படகிலோ பிடித்தால் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் உரிமம் கட்டாயம். 60 வயது நிரம்பியவர்களும் எடுக்க வேண்டும், ஆனால் அவர்களுக்குக் கட்டணம் இல்லை.

எப்படிச் சமைப்பது? குழம்புக்கு ஆகுமா?

அருமையாக ஆகும். வெள்ளைச் சதை, கெட்டி, குழம்பில் உடையாது. வறுவலுக்கும் நல்லது. அளவுக்குள் வரும் மீன் ஒன்று சுமார் பத்துப் பன்னிரண்டு பவுண்டு இருக்கும், இரண்டு வீட்டுக்குக் காணும். பிடித்தவுடன் ரத்தம் வடியவிட்டு ஐஸில் புதைத்தால்தான் அந்த ருசி. இதைக் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள்.

துறைக்கு வந்ததும் உதவியாள் முள் நீக்கிய சதையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தலையையும் நடுமுள்ளையும் தூக்கிப் போட்டுவிடுவார். தலைக்குழம்பு வேண்டுமென்றால் மீனை வெட்டும் முன்பே சொல்லுங்கள். தோலுக்கு அடியில், உடம்பின் நடுவாக ஓடும் சிவந்த சதைப்பட்டையைச் சீவி எடுத்துவிடுங்கள். கவிச்சியும் அதில்தான், பிசிபி என்ற ரசாயனம் அதிகம் சேருவதும் அந்தக் கொழுப்பிலும் தோலிலும்தான். பாதரசமும் இந்த மீனில் உண்டு, அது சதை முழுவதும் பரவியிருப்பதால் சீவி எடுக்க முடியாது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், குழந்தைகளும் இதைத் தவிர்க்கவோ குறைக்கவோ சொல்லிப் பல மாநிலச் சுகாதாரத் துறைகள் அறிவுரை வைத்திருக்கின்றன. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கு வேறு மீன் வாங்கிக் கொடுங்கள்.

சார்ட்டரில் பிடித்த மீனை விற்கக் கூடாது. கடையில் விற்பதற்காகப் பிடிப்பவர்களுக்குத் தனி உரிமமும் தனி அளவும் உண்டு.

ஸ்ட்ரைப்பர் கிடைக்காவிட்டால் நாள் வீணா?

பல கேப்டன்கள் ப்ளூஃபிஷுக்குத் திரும்புவார்கள். வேகமும் மூர்க்கமும் கொண்ட மீன். இதன் வாயில் மட்டும் விரல் வைத்துவிடாதீர்கள், பல் கத்தரிபோல் வெட்டும். சில மாதங்களில் கணவாயும் கிடைக்கும். மீன் நிச்சயம் என்று உறுதி தருகிற படகு எதுவும் கிடையாது.

சார்ட்டருக்குப் பணம் இல்லை. கரையிலிருந்து பிடிக்க முடியுமா?

தாராளமாக. கேப் காட் கால்வாய்க்குப் போங்கள். 1914இல் திறக்கப்பட்ட கால்வாய், இரு கரையிலும் நெடுக நடைபாதை உண்டு. படகிலிருந்து மீன் பிடிக்க அங்கே அனுமதி இல்லாததால் கரையில் நிற்பவர்களுக்கே முழு உரிமை. நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் ஓடும், பாறைகளில் பாசி வழுக்கும். ஆணி வைத்த காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் திசை மாறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வீசும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, அவர் வீசிய பிறகு வீசுங்கள். அங்கே வருஷக்கணக்காக நிற்கும் பெரியவர்கள் நிறைய. மரியாதையாகக் கேட்டால் எந்த இரை, எவ்வளவு எடை என்று தயங்காமல் சொல்லித் தருவார்கள்.